நமக்கு நாமே எழுதும் பாயிரம்: தொழில்முறைச் சுயவிபரம் எழுதும் முறை

ஒரு நூல் எத்துணை விரிந்த பொருளை உடையதாயினும், பாயிரம் இல்லாதவிடத்து அதனை நூலெனக் கொள்வதில்லை என்பது நன்னூலார் கொள்கை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய அவ்விலக்கண நூல், எழுத்தையும் சொல்லையும் பற்றிப் பேசத் தொடங்குவதற்கு முன்னர்ப் பாயிரம் என்பது யாது, அதனை யார் எழுதலாம், அதில் என்னென்ன அமைய வேண்டும் என்பவற்றை முறைப்படுத்திக் கூறுகின்றது. நூலின் வாசலில் நின்று, "இதனை ஆக்கியவர் இன்னார், இதனுள் இன்ன பொருள் உண்டு, இன்னாருக்கு இது உதவும், கற்றால் இன்ன பயன் கிடைக்கும்" என்று வருவோரை அழைத்துச் சொல்லும் பகுதியே பாயிரமாகும்.

இவ்விலக்கணத்தை ஆண்டு விழா மலரில் நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. இந்நகரில் வாழும் எம்மவர் பலர் கைத்தொழிலிலும் கல்வியிலும் சிறந்தவர்கள். கணக்கெழுதுவோர், வீடு திருத்துவோர், மணப்பெண் அலங்காரம் செய்வோர், கணினி வல்லுநர், விழாக்களுக்கு உணவு சமைத்து வழங்குவோர், சங்கீதமும் நடனமும் கற்பிப்போர் எனப் பலதிறத்தாரும் எம் பாடசாலைப் பெற்றோரிடையே உள்ளனர். ஆயினும், "உங்களைப் பற்றி நான்கு வரி எழுதித் தாருங்கள்" என்று கேட்டால் பேனா நின்றுவிடுகிறது. நூல் இருக்கிறது, பாயிரந்தான் இல்லை.

ஊரில் இதற்குத் தேவை இருக்கவில்லை. இன்னாருடைய மகன், இன்ன பள்ளிக்கூடத்தில் படித்தவர், கை சுத்தமானவர் என்று ஊரே ஒருவருக்குப் பாயிரம் பாடியது. தச்சரையோ தையற்காரரையோ தேடி வருபவர் சந்தியில் நின்று விசாரித்தாற் போதும். ரொறன்ரோவில் குடியேறிய ஆரம்ப ஆண்டுகளிலும் கோயில், கலியாண வீடு, தமிழ்க் கடை ஆகியவை ஓரளவுக்கு அச்சந்தியின் வேலையைச் செய்தன. 'தமிழர் மத்தியில்' போன்ற வர்த்தகக் கையேடுகள் வெளிவந்தன. 1991 இல் கனடியத் தமிழர் வர்த்தக சம்மேளனம் தோன்றியது. இன்றோ வாடிக்கையாளர் முதலிற் செல்லும் சந்தி இணையம். அங்கே எம்மைப் பற்றி விசாரிப்பவருக்கு மறுமொழி சொல்ல நாம் எழுதி வைத்த சுயவிபரம் ஒன்றே நிற்கின்றது. இத்தகைய தொழிற்றொடர்புத் தளங்களுள் பெரிதும் பாவிக்கப்படுவது லிங்க்டின் ஆகும். 2003 மே மாதத்தில் மக்கள் பாவனைக்கு வந்த இத்தளத்தை 2016 இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் வாங்கியது. இங்குக் கூறப்படுபவை அத்தளத்துக்கு மட்டுமன்றி, வர்த்தகக் கையேட்டு விளம்பரத்துக்கும் சொந்த இணையப்பக்கத்துக்கும் பொருந்தும்.

தன்னைப் புகழ்தல் தகுமோ?

"எங்களை நாங்களே புகழ்ந்து எழுதுவதா?" என்னும் கூச்சமே எம்மவரிடம் முதலில் எழும் தடை. இக்கூச்சம் குற்றமன்று, நல்ல வளர்ப்பின் அடையாளம். எவ்வளவு அரிய செயலைச் செய்து முடித்தவராயினும் தம்மைத் தாமே புகழ்தல் தகுதியன்று என்பதே நன்னூலின் பொதுவிதி. ஆனால் அதே நூல் நான்கு இடங்களில் அதற்கு விலக்களிக்கின்றது. அரச சபைக்கு ஓலை எழுதும்போது. தன் ஆற்றலை அறியாதவரிடையே இருக்கும்போது. அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது. எதிர்ப்பக்கத்தார் தன்னைப் பழித்தபோது.

இந்நான்கையும் இன்றைய வாழ்க்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அரச சபைக்கு எழுதும் ஓலை இன்றைய வேலை விண்ணப்பம். அவை என்பது நேர்முகப் பரீட்சை. ஆற்றலை அறியாதவர் நடுவே இருத்தல் என்பது இந்நகரில் எம்மவர் ஒவ்வொருவரும் முதல் நாள் எதிர்கொண்ட நிலை. நான்காவது இடமும் எம்மில் பலருக்குப் பழக்கமானதே; "உமக்குக் கனடிய அனுபவம் இல்லை" என்ற சொற்களைக் கேளாதோர் சிலரே. ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு 2013 இல் வெளியிட்ட கொள்கையில், கனடிய அனுபவத்தைக் கட்டாயமாகக் கேட்பது மேலோட்டமான பார்வையிலேயே பாகுபாடாகும் என்று அறிவித்தது. பின்னர் நிறைவேறிய சட்டத்தின்படி, 25 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியரைக் கொண்ட நிறுவனங்கள் பகிரங்க வேலை விளம்பரங்களில் அந்நிபந்தனையை விதிப்பது 2026 சனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டது. விளம்பரத்தில் அச்சொல் இல்லாமற் போகலாம். வாசிப்பவர் மனத்தில் எழும் ஐயத்தைத் தீர்க்கும் பொறுப்பு எழுதுபவரையே சாரும்.

ஆகவே, சுயவிபரத்தில் தன்னைப் பற்றிக் கூறுதல் இலக்கணம் அனுமதித்த செயலே. ஆயினும், புகழ்தல் வேறு, அறியத்தருதல் வேறு. "நான் மிகத் திறமையான கணக்காளன்" என்பது புகழ்ச்சி. "பன்னிரண்டு உணவகங்களின் மாதக் கணக்கை நான் எழுதி வருகிறேன்" என்பது செய்தி. முன்னதை எவரும் எழுதலாம். பின்னதை அவ்வேலையைச் செய்தவர் மட்டுமே எழுதலாம். வாடிக்கையாளர் நம்புவது பின்னதையே.

யார் வாசிக்கிறார்?

எழுதத் தொடங்கும் முன்னர், வாசிப்பவர் யார் என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும். எமது நெருங்கிய உறவினர்க்கும் நண்பர்க்கும் சுயவிபரம் தேவையில்லை. அது தேவைப்படுவது எம்மை அரைகுறையாக அறிந்தவர்க்கும் அறவே அறியாதவர்க்கும் ஆகும். அவர்கள் மூலமே பெரும்பாலும் புதிய வாய்ப்பு வருகிறது என்பதனை 1973 இல் அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெற்றர் எடுத்துக்காட்டினார். தெரிந்தவர் மூலம் தொழில் பெற்றோரை அவர் விசாரித்தபோது, அடிக்கடி சந்திக்கும் நெருக்கமானவர் மூலம் பெற்றோர் ஏறத்தாழ 17 வீதத்தினரே. பாதிக்கு மேற்பட்டோர் எப்போதாவது சந்திப்பவர் மூலமும், கால்வாசிக்குச் சற்று மேற்பட்டோர் மிக அரிதாகச் சந்திப்பவர் மூலமும் பெற்றிருந்தனர். காரணம் எளிது. நெருக்கமானவர் அறிந்ததை நாமும் ஏற்கெனவே அறிந்திருப்போம். தூரத்தில் இருப்பவரே நாம் அறியாத செய்தியைக் கொண்டு வருகிறார். லிங்க்டினில் இரண்டு கோடிக்கு மேற்பட்டோரின் தொடர்புகளை ஐந்தாண்டு காலம் ஆராய்ந்து 2022 இல் வெளியான ஆய்வும், மிக நெருக்கமும் மிகத் தூரமும் அல்லாத இடைப்பட்ட தொடர்புகளே வேலை மாற்றத்துக்குக் கூடுதலாக உதவுகின்றன என்று கண்டது.

இதிலிருந்து எமக்குப் பெறப்படுவது ஒன்று. எம் சுயவிபரம் ஊராருக்காகவோ சொந்தக்காரருக்காகவோ எழுதப்படுவதன்று. எம் பள்ளிக்கூடத்தின் பெயரைக் கேள்விப்படாத, எம் ஊர் எங்கே இருக்கிறது என்று அறியாத ஒருவர், பேருந்தில் இருந்தவாறே கைத்தொலைபேசியில் அரை நிமிடம் வாசிப்பதற்காக எழுதப்படுகிறது.

பாயிரத்தின் எட்டுப் பொருள்கள்

சிறப்புப் பாயிரத்தில் எட்டுப் பொருள்கள் அமைய வேண்டும் என்பது நன்னூல். அவ்வெட்டும் சுயவிபரத்துக்கு அப்படியே பொருந்துதல் வியப்பைத் தருகின்றது. ஒவ்வொன்றாகக் காண்போம்.

1. ஆக்கியோன் பெயர். தந்தையின் பெயரை முன்னெழுத்தாக்கித் தம் பெயரை இறுதியில் எழுதுவது எம் வழக்கம். இந்நாட்டுப் படிவங்களிலோ முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டு கூடுகள் உள்ளன. அதனால் ஒருவரே அனுமதிப்பத்திரத்தில் ஒருவிதமாகவும், வர்த்தக அட்டையில் வேறுவிதமாகவும், இணையத்தில் இன்னொரு விதமாகவும் தோன்றுகிறார். தேடுபவர் மூவர் என நினைத்துக் கைவிடுவார். எங்கும் ஒரே எழுத்துக்கூட்டலைக் கையாளுங்கள். ரொறன்ரோப் பல்கலைக்கழகப் பொருளியலாளர் பிலிப் ஒரியோபூலஸ் இந்நகர வேலை விளம்பரங்களுக்கு ஆயிரக்கணக்கான மாதிரி விண்ணப்பங்களை அனுப்பி ஆராய்ந்து 2011 இல் முடிவுகளை வெளியிட்டார். ஒத்த தகுதி இருந்தும், இந்திய, சீன, பாகிஸ்தானியப் பெயர்களைக் காட்டிலும் ஆங்கிலப் பெயர்களுக்கு மூன்றிலொரு பங்குக்கு மேல் அதிகமான அழைப்புகள் வந்தன. இது கசப்பான உண்மை. அதற்காகப் பெயரை மாற்றுங்கள் என்று தமிழ்ப் பாடசாலை ஆசிரியன் ஒருவன் சொல்லமாட்டான். பெயரைச் சுருக்குவதும் விடுவதும் அவரவர் விருப்பம். ஆனால் பெயரை உச்சரிக்கத் தெரியாமல் தயங்கி அழைக்காமல் விடுபவரும் உண்டு. அவர்கள் பொருட்டு, பெயரை எமது குரலிலேயே பத்து வினாடிக்குள் பதிந்து வைக்கும் வசதி லிங்க்டினில் 2020 முதல் உள்ளது. அதனைப் பயன்படுத்துங்கள்.

2. வழி. நூல் எந்த முதல்நூலின் வழியில் வந்தது என்பதைக் கூறுவது இது. சுயவிபரத்தில் இது கல்வியும் பயிற்சியும் அனுமதிப்பத்திரமும் ஆகும். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ பெற்ற பட்டத்தை மறைக்க வேண்டியதில்லை. கனடிய மதிப்பீட்டு நிறுவனம் ஒன்று அதற்கு ஈடாக எதனை ஏற்றுக்கொண்டதோ அதனையும் பக்கத்தில் எழுதுங்கள். இங்குப் பெற்ற சிறு சான்றிதழாயினும் அதனை விடாதீர்கள்.

3. எல்லை. நூல் வழங்கும் நிலப்பரப்பு. ஸ்காபரோவில் மட்டும் வேலை செய்வீர்களா, மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்டன் வரை செல்வீர்களா என்பதைக் கூறுங்கள். எந்தெந்த மொழிகளில் சேவை செய்வீர்கள் என்பதும் இவ்வெல்லையுள் அடங்கும். "தமிழிலும் பேசலாம்" என்ற சிறு தொடர், ஆங்கிலத்தில் விளக்கிக் கேட்கத் தயங்கும் முதியவர் ஒருவருக்குப் பெரிய ஆறுதல். அது குறையன்று, உங்களுக்குள்ள தனித்தகுதி.

4. நூற்பெயர். பெயரின் கீழே நிற்கும் தலைப்பு வரி இதற்கு ஒப்பாகும். லிங்க்டினில் இதற்கு 220 எழுத்துகள் வரை இடமுண்டு. தேடற் பட்டியலில் பெயரோடு கண்ணிற் படுவது இவ்வரியே. பலர் இதில் தம் பதவியை மட்டும் எழுதுகின்றனர். பதவியோடு, யாருக்கு எதனைச் செய்து கொடுக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். வாடிக்கையாளர் எச்சொல்லைக் கொண்டு தேடுவாரோ அச்சொல் இவ்வரியில் இருத்தல் வேண்டும். குழாய் ஒழுகுபவர் "நீர்வழங்கல் தீர்வுகள்" என்று தேடமாட்டார். "பிளம்பர்" என்றே தேடுவார்.

5. யாப்பு. நூல் கட்டப்பட்ட முறை. இதனைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காகப் பகுப்பர். தலைப்பு வரியில் தொகுத்துக் கூறுங்கள். தொழில் அனுபவப் பகுதியில் விரித்துக் கூறுங்கள். தம்மைப் பற்றிக் கூறும் அறிமுகப் பகுதியில் முதலிரண்டு வரிகளில் தொகுத்துப் பின்னர் விரியுங்கள். இப்பகுதியில் 2600 எழுத்துகள் வரை எழுதலாமெனினும், வாசிப்பவர் மேலும் காண விரும்பி அழுத்தும் வரை தொடக்க வரிகள் மட்டுமே தெரியும். மிக வேண்டியதை முதலிலேயே கூறிவிட வேண்டும்.

நான்காவதாகிய மொழிபெயர்ப்பே எம்மவர்க்கு மிக இன்றியமையாதது. நான் கூறுவது தமிழை ஆங்கிலமாக்குவதை மட்டுமன்று. ஓர் ஊரின் அனுபவத்தை இன்னோர் ஊருக்கு விளங்கச் செய்தலை. "பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கிளை முகாமையாளர்" என்று எழுதினால் இங்குள்ளவருக்கு ஒன்றும் விளங்காது. பங்கீட்டுப் பொருட்களையும் சில்லறைப் பொருட்களையும் விற்கும் கடையொன்றை, இத்தனை ஊழியருடன், இத்தனை குடும்பங்களுக்காக, இருப்பும் பணமும் பிசகாமல் நடத்தினேன் என்று எழுதினால், இந்நகரின் எந்தக் கடை முதலாளிக்கும் அது விளங்கும். அவ்வாறே கிராம சேவையாளராக இருந்தவர், பதிவேடுகளைப் பேணியதையும் சான்றுப்பத்திரம் வழங்கியதையும் நிவாரணப் பங்கீட்டை ஒழுங்குபடுத்தியதையும் எழுதலாம். பதவிப் பெயர் கடல் தாண்டாது. செய்த வேலை தாண்டும்.

6. நுதலிய பொருள். நூல் கூறவந்த பொருள்; அதாவது நீங்கள் வழங்கும் சேவை. எல்லாம் செய்வேன் என்பவரிடம் எவரும் ஒன்றுக்கும் வருவதில்லை. மூன்று அல்லது நான்கு சேவைகளை மட்டும் தெளிவாகக் கூறுங்கள்.

7. கேட்போர். இது யாருக்கு என்பது. "எல்லோருக்கும்" என்று எழுதாதீர்கள். புதிதாக வீடு வாங்குவோருக்கா, சிறு உணவக உரிமையாளருக்கா, பெற்றோரை வீட்டில் வைத்துப் பராமரிப்போருக்கா என்று குறிப்பிடுங்கள். தன்னையே குறித்து எழுதப்பட்டது போன்று தோன்றினால் மட்டுமே வாசிப்பவர் மேலும் வாசிப்பார்.

8. பயன். இதனையே எம்மவர் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். "வரிக்கணக்குத் தயாரிப்பேன்" என்பது பொருள். "உங்கள் வரிக்கணக்கு உரிய நாளுக்கு முன் சமர்ப்பிக்கப்படும், அரச கடிதம் வந்தால் நானே விளக்குவேன்" என்பது பயன். வாடிக்கையாளர் பணம் கொடுப்பது பயனுக்கே.

இவ்வெட்டோடு காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் சேர்த்துக் கூறுவோரும் உண்டு என்கிறது நன்னூல். எந்த ஆண்டு முதல், எவ்விடத்தில், ஏன் இத்தொழிலைத் தெரிந்தெடுத்தீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதலாம். காரணம் உண்மையானதாயின் அவ்வரி மனத்தில் நிற்கும்.

ஓர் எடுத்துக்காட்டு

கற்பனையாக ஒரு தாயாரை எடுத்துக்கொள்வோம். ஊரில் வங்கி ஒன்றில் எழுதுவினைஞராக இருந்தவர். இங்குக் கல்லூரியொன்றில் கணக்குப்பதிவு பயின்று, சிறு வர்த்தகர்களுக்குக் கணக்கெழுதுகிறார். அவர் ஆங்கிலத்தில் எழுதியதன் கருத்து பின்வருமாறு இருந்ததாகக் கொள்வோம்.

"நான் கடின உழைப்பும் நேர்மையும் உள்ளவர். எனக்குக் கணக்கியலில் நீண்ட அனுபவம் உண்டு. எந்த வேலையையும் பொறுப்புடன் செய்வேன். வாய்ப்பளித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்."

இதில் பொய் எதுவும் இல்லை; ஆனால் செய்தியும் எதுவும் இல்லை. கடைசி வரி வேண்டுகோளாக முடிகின்றது. வாடிக்கையாளர் எமக்கு வாய்ப்பளிக்க வருவதில்லை. தம் சிக்கலைத் தீர்க்க வருகிறார். இப்போது எட்டுப் பொருளையும் மனத்திற் கொண்டு அதனை மாற்றி எழுதுவோம்.

"ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் உள்ள சிறு உணவகங்களுக்கும் பலசரக்குக் கடைகளுக்கும் கணக்குப்பதிவு செய்கிறேன். பற்றுச்சீட்டுகளைப் பெட்டியில் போட்டு வைத்திருந்தாலும் கொண்டுவாருங்கள். அவற்றை ஒழுங்குபடுத்தி, எச்.எஸ்.ரி. வரிக்கணக்கை உரிய நாளுக்குள் தயாரித்துத் தருவேன். இலங்கையில் ஒன்பது ஆண்டுகள் வங்கிக் கருமபீடத்தில் பணியாற்றினேன். நாள் முடிவில் ஒரு சதமும் பிசகாமல் கணக்கை முடித்துவிட்டே வீடு செல்லும் பழக்கம் அங்கே வந்தது. ஒன்ராறியோவில் கணக்குப்பதிவுச் சான்றிதழ் பெற்றுள்ளேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் பேசலாம். முதற் சந்திப்புக்குக் கட்டணம் இல்லை."

இதில் "கடின உழைப்பு" என்ற சொல் இல்லை. ஆனால் வாசிப்பவர் அதனைத் தாமே உணர்ந்துகொள்கிறார். "நேர்மை" என்ற சொல்லும் இல்லை. ஒரு சதமும் பிசகாத கணக்கு அதனைச் சொல்லிவிடுகின்றது. இறுதியில் அடுத்துச் செய்யவேண்டியது என்ன என்பதும் தெரிகின்றது. வேண்டுகோள் அழைப்பாக மாறிவிட்டது.

இதனோடு அண்மையில் எடுத்த, முகம் தெளிவாகத் தெரியும் நிழற்படம் ஒன்றையும் சேருங்கள். கலியாண வீட்டுக் கூட்டப் படத்திலிருந்து வெட்டியெடுத்த முகம் வேண்டாம்.

பாயிரம் பாடத் தக்கவர் யார்?

பாயிரத்தைப் பிறர் எழுதுவதே மரபு. தன் ஆசிரியன், தன்னுடன் கற்றவன், தன் மாணாக்கன், தகுதியுடைய உரைகாரன் என்போரே அதற்குரியவர் என நன்னூல் வகுக்கின்றது. தொல்காப்பியத்துக்குச் சிறப்புப் பாயிரம் தந்தவர் பனம்பாரனார். அவர் தொல்காப்பியரின் ஒருசாலை மாணாக்கர் என்பது மரபு. இத்தளங்களில் உள்ள நற்சான்றுப் பகுதி இதற்கே உரியது. மேலதிகாரி, உடன் பணியாற்றியவர், உங்களிடம் பயின்றவர், உங்கள் வேலையின் பயனைப் பெற்ற வாடிக்கையாளர் ஆகிய நால்வரிடம் தலா ஒரு நற்சான்று கேளுங்கள். வெறுமனே "நல்லவர்" என்று எழுதுவதை விட, எந்த வேலையை எவ்வாறு செய்து தந்தீர்கள் என்று எழுதுமாறு வேண்டுங்கள்.

சங்க இலக்கியத்தில் ஆற்றுப்படை என்றோர் இலக்கிய வகை உண்டு. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் அவ்வகையின. பரிசில் பெற்று மீளும் கலைஞன், எதிர்ப்படும் வறிய கலைஞனுக்கு வள்ளலின் இருப்பிடத்தையும் செல்லும் வழியையும் சொல்லி அனுப்புவது அதன் அமைப்பு. பயன்பெற்றவர் சொல்லும் வழிக்கு நிகரான விளம்பரம் இன்றுவரை தோன்றவில்லை. நீங்களும் பிறருக்கு அவ்வாறு எழுதிக் கொடுங்கள். ஒருவரையொருவர் ஆற்றுப்படுத்தாத சமூகம் வர்த்தகத்தில் வளராது.

சட்டம் வகுத்த எல்லைகள்

சுயவிபரத்தில் எழுதும் ஒவ்வொரு சொல்லும் பகிரங்கமான கூற்று ஆகும். பொய்யான அல்லது ஏமாற்றும் விளம்பரக் கூற்றுகளைக் கனடாவின் போட்டிச் சட்டம் தடைசெய்கின்றது. அதனோடு சில பட்டங்களும் பெயர்களும் சட்டத்தாற் பாதுகாக்கப்பட்டவை. ஊரில் பொறியியலாளராக இருந்தவர் ஒன்ராறியோவில் அனுமதிப்பத்திரம் பெறும் வரை அப்பெயரால் தம்மை அழைத்துத் தொழில் நடத்துதல் கூடாது. வைத்தியர், சட்டத்தரணி, பட்டயக் கணக்காளர் ஆகிய பெயர்களுக்கும் அவ்வாறே கட்டுப்பாடு உண்டு. "இலங்கையில் பொறியியற் பட்டம் பெற்று, அங்கே வீதிப் பணிகளில் கடமையாற்றியவர், ஒன்ராறியோ அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பித்துள்ளார்" என உள்ளதை உள்ளவாறு எழுதுவதில் தடையில்லை. வீடு விற்பனை முகவர் தம் விளம்பரத்தில் தாம் சார்ந்த தரகு நிறுவனத்தின் பெயரைத் தெளிவாகக் காட்ட வேண்டும். ஒன்ராறியோ வைத்தியர்கள் நோயாளரின் நற்சான்றுகளைத் தம் விளம்பரத்திற் பயன்படுத்துதல் கூடாது. கட்டணம் பெற்றுக் குடிவரவு ஆலோசனை வழங்குவோர் சட்டத்தரணிகளாகவோ, சட்டம் ஏற்றுக்கொண்ட பிற அனுமதி பெற்றோராகவோ இருத்தல் வேண்டும். ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தும் கல்லூரி 2021 நவம்பரில் செயற்படத் தொடங்கியது. உங்கள் தொழிலுக்கு ஒழுங்குமுறைச் சபை இருக்குமாயின் அதன் விதிகளை வாசித்த பின்னரே எழுதத் தொடங்குங்கள்.

இதன் மறுபக்கத்தையும் மறத்தலாகாது. பிறந்த திகதி, சமூகக் காப்புறுதி இலக்கம், கடவுச்சீட்டு விபரம், வீட்டு முகவரி ஆகியவற்றைச் சுயவிபரத்தில் எழுதாதீர்கள். வேலை தருவதாகக் கூறி முற்பணமோ வங்கி விபரமோ கேட்போர் இத்தளங்களிலும் உலாவுகின்றனர். உண்மையான தொழில்வழங்குநர் வேலை கொடுப்பதற்குப் பணம் கேட்பதில்லை.

இடைவெளி ஆண்டுகள்

பெற்றோர் சிலர் என்னிடம் தனியே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இடையில் வெறுமையாய்ப் போன ஆண்டுகளை எப்படி எழுதுவது?" இடம்பெயர்வும் முகாமும் அகதி விண்ணப்பத்துக்கான காத்திருப்பும் தின்ற ஆண்டுகள் அவை. என்னைப் போன்று ஏதிலியாய் வந்தோர் எல்லோரிடமும் அத்தகைய ஆண்டுகள் உள்ளன. அவற்றைப் பொய்யால் நிரப்பாதீர்கள். வாடிக்கையாளருக்குப் போரின் கதையை முழுவதும் சொல்ல வேண்டிய கடமையும் உங்களுக்கு இல்லை. "போர் காரணமாக இடம்பெயர்வு" என்ற மூன்று சொற்களும் ஆண்டுகளும் போதும்.

ஆனால் அவ்வாண்டுகள் உண்மையிலேயே வெறுமையானவையா என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். முகாமில் மரத்தடியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர் ஆசிரியப் பணி செய்தார். வரிசையில் நின்றோர்க்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தவர் மொழிபெயர்ப்பும் எழுத்துப் பணியும் செய்தார். நூறு பேருக்கு ஒரே அடுப்பில் சமைத்தவர், இன்று விழாவுக்கு உணவு வழங்குவோர் செய்யும் வேலையைச் செய்தார். சம்பளம் இல்லாத வேலையும் வேலையே. இந்நாட்டவர் தொண்டுப் பணியைச் சுயவிபரத்தில் மதிப்புடன் எழுதுகின்றனர், நாமும் எழுதலாம்.

மாணவச் செல்வங்களுக்கு

இக்கட்டுரை உங்கள் பெற்றோருக்கு மட்டும் உரியதன்று. லிங்க்டினில் இணைவதற்குக் குறைந்த வயது 16 ஆகும். அதற்கு முன்னரே ஒரு கொப்பியில் உங்கள் பாயிரத்தை எழுதத் தொடங்கலாம். ஒன்ராறியோவில் உயர்நிலைப் பாடசாலைச் சான்றிதழ் பெறுவதற்கு 40 மணித்தியாலச் சமூகத் தொண்டு கட்டாயமானது என்பதை அறிவீர்கள். மணித்தியாலங்களை எண்ணிக் கையொப்பம் வாங்கியதோடு விட்டுவிடாதீர்கள். என்ன செய்தீர்கள், யாருக்குச் செய்தீர்கள், அதனால் என்ன விளைந்தது என்று மூன்று வரி எழுதி வையுங்கள். கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு அகரம் எழுதப் பழக்கியது, விழா மேடையில் அறிவிப்புச் செய்தது ஆகிய யாவும் பின்னாளில் உங்கள் சுயவிபரத்தில் இடம்பெறத் தக்கவை.

உங்களுக்கு இன்னொரு கடமையும் உண்டு. உங்களுக்கு ஆங்கிலமும் கணினியும் கைவந்தவை. ஒரு சனிக்கிழமை பிற்பகல் அம்மாவோடோ அப்பாவோடோ அமர்ந்து, "ஊரில் நீங்கள் என்ன வேலை செய்தீர்கள்? ஒரு நாளில் என்னென்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். அவர்கள் தமிழில் சொல்லச் சொல்ல எழுதுங்கள். பின்னர் இருவருமாக ஆங்கிலத்தில் அமையுங்கள். அவர்கள் சொல்லாததைச் சேர்க்காதீர்கள், சொன்னதைச் சிறிதாக்காதீர்கள். பெற்றோர் இங்கே செய்யும் வேலையை மட்டும் அறிந்த பிள்ளைகள் பலர். அவர்கள் முன்னர் யாராக இருந்தார்கள் என்பதை அறிய இதைவிட நல்ல வாய்ப்புக் கிடைப்பது அரிது. அக்கேள்விகளை முழுமையாகக் கேட்கவும் மறுமொழியை விளங்கிக்கொள்ளவும் தமிழ் வேண்டும். சனிக்கிழமைதோறும் நீங்கள் இங்கு வந்து கற்பதன் பயன்களுள் அதுவும் ஒன்று.

எழுதி முடித்த சுயவிபரத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துத் திருத்துங்கள். எம்மை அறியாத ஒருவரிடம் கொடுத்து, "இதனை வாசித்தபின் நான் என்ன தொழில் செய்கிறேன், யாருக்குச் செய்கிறேன் என்று சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொன்னால் எழுத்து நன்று. தடுமாறினால் மீண்டும் எழுதுங்கள். பாயிரம் வாசகரை நூலின் உள்ளே அழைத்து வரும். உள்ளே வந்தவரை இருத்தி வைப்பது நூலே. ஆதலால் வாக்குக் கொடுத்த நாளில் வேலையை முடித்துக் கொடுங்கள்.